பரங்கிமலை மறைந்த பிற்பகல்

நாற்பதுகளின் நடுவில், யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வைகாசி மாதம் அது. இடம், பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் ஓர் ஏரிக்கரை. ஆவடியில் ராணுவம் வந்து இறங்கியதும் அவசரத்துக்குக் கொட்டகைகள் முளைத்தன. அந்தக் கொட்டகைகளோடு ஒரு கொட்டகையாக எங்கள் வானிலை நிலையமும் முளைத்தது. ஓர் அறை, சுவரில் ஒரு பாரமானி, வெளியே நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள், ஒரு கம்பத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் அம்பு, மணல் நிரப்பிய தீயணைப்பு வாளிகள். அங்கே சேருவதற்கு முன்பு எனக்கு வானம் என்றால் மழை வருமா வராதா என்ற அளவுக்குத்தான் தெரியும். சேர்ந்த பிறகு வானத்துக்கும் படிவங்கள் உண்டு என்று தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு வானத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது.

விதிகள் என்றால் எனக்கு அப்போதே வெல்லம். நிலையக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்திருந்தேன். பிற்பாடு என் உத்தியோக காலம் முழுவதும், "அது எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டுக் கேட்டே பலருடைய ஆயுளைக் குறைத்திருக்கிறேன். ரிட்டையர் ஆகியும் குணம் போகவில்லை. ரசத்தில் உப்பு குறைவு என்றால் எழுத்துமூலம் கொடுக்கச் சொல்கிறாள் என் மனைவி.

விதிப்படி எங்கள் நிலையத்தில் நாலு பேர் இருக்க வேண்டும். இருந்தது இரண்டு பேர். காலை வேலை எனக்கு, பிற்பகல் வேலை என் நண்பருக்கு. நான் மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் புறப்படும்போது அவர் குமணன்சாவடியிலிருந்து வந்து சேருவார். இது முக்கியம். அங்கே பிற்பகலில் என்ன நடக்கிறது என்பதை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்தவனில்லை.

நண்பர் கத்தோலிக்கர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், ஆனால் உடம்பு என்னைப் போல இரண்டு மடங்கு. நல்ல படிப்பு, முத்து முத்தான கையெழுத்து, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனசு. ஒரே ஒரு பலவீனம், தூக்கம். சாப்பிட்டால் தூங்குவார், தூங்கினால் குறட்டை விடுவார், குறட்டை விட்டால் ஏரியில் மேயும் கொக்குகள் எழுந்து பறக்கும். புங்கமரத்தடியில் அவருக்கென்று ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. கையேட்டில் கட்டிலுக்கு இடமில்லை என்று நான் சொன்னபோது, "கட்டிலு வேணான்னு எங்கனா போட்டுக்கீதா அண்ணாத்தே?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். போடவில்லை.

எங்கள் வேலையில் மற்ற எல்லாவற்றையும் அளக்கக் கருவி உண்டு. பார்வைத் தூரத்துக்கு மட்டும் கருவி கிடையாது, வெறும் கண்தான். ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்று, குறித்துவைத்த அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிட்டத்தில் சென்னீர்குப்பம் பக்கத்துச் செங்கல் சூளையின் புகைபோக்கி. அதற்கு அப்பால் திருவேற்காட்டுக் கோபுரம். தூரத்தில், தென்கிழக்கே, பரங்கிமலை. மலை தெரிந்தால் எட்டு மைல் என்று எழுது, தெரியாவிட்டால் குறைத்து எழுது. இவ்வளவுதான். இதைச் சொல்லக் கையேட்டில் இரண்டு பக்கம் செலவழித்திருந்தார்கள்.

நண்பருக்கு அந்த மலை வெறும் அடையாளம் இல்லை. மலை உச்சியில் மாதா கோயில் இருக்கிறது. அவர் மனைவிக்கு இரண்டு முறை கர்ப்பம் தரித்து இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது முறை, நிறைமாதம். மூன்று மணிப் பதிவுக்காகக் கட்டிலிலிருந்து எழுந்து மேட்டில் ஏறுகிறவர், மலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துச் சிலுவைக் குறி போட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுப்பார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் வெட்கத்தோடு.

தொல்லை வந்தது ஒரு விமானத்தால். பிற்பகலில் பார்வைத் தூரம் நாலு மைலுக்கும் குறைவு என்று நண்பர் செய்தி அனுப்பியிருக்கிறார். அதை நம்பி, வந்துகொண்டிருந்த விமானத்தை வேறு தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஒருவருக்கு அன்றைக்கு இங்கே ஒரு விருந்து. விருந்து போன துக்கத்தில் அவர் புகார் எழுதினார்: மேலிருந்து பார்த்தபோது கீழே ஏரியும் சாலையும் மாடும் மனுஷனும் பளிச்சென்று தெரிந்தன, மூட்டம் என்பது பொய்.

தலைமை அலுவலகம் பழைய பதிவுகளைத் தோண்டியது. காலையில் என் பதிவில் மலை தெரிகிறது. பிற்பகலில், பல நாட்கள், நண்பர் பதிவில் மலை தெரியவில்லை. மேற்கே இருந்த இன்னொரு நிலையத்தில் அதே நேரத்துக்கு எல்லாம் தெளிவு. மழையில்லை, புழுதியில்லை, புகையில்லை. கூடவே கட்டில் விஷயமும் யார் வழியாகவோ போய்ச் சேர்ந்திருந்தது. மேட்டில் ஏறச் சோம்பல்பட்டு, படுத்த இடத்திலிருந்தே எழுதுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பார்த்து உறுதிசெய்ய ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. யுத்தகாலத்தில் பொய்ப் பதிவு என்றால் வேலை போவதோடு நிற்காது. விமானங்களின் உயிர் சம்பந்தப்பட்டது, ஜெயில்வரை போகலாம்.

உண்மையைச் சொன்னால், நானும் பாதிதான் நம்பினேன். தூங்கி எழுந்த கண்ணுக்கு எட்டு மைல் நாலு மைலாகத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் அதிகாரி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடிக்குப் போனேன். நண்பர் பூசைக்குப் போயிருந்தார். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னாண்ணே, எங்க ஊட்டுக்காரரு வேலை போய்டுமா?"

அப்படியெல்லாம் ஆகாது, விளக்கம் கொடுக்க விதியில் இடமிருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெதி கெடக்கட்டும்ணே. நீங்க நம்புறீங்களா இல்லியா, அத்தச் சொல்லு."

நான் மோட்டுவளையைப் பார்த்தேன். அவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு.

"இதோ பாருண்ணே. இந்த ஆளு பொய் சொல்லாத ஆளு இல்ல. மீன் வாங்கியான்னா வாங்காம வந்துட்டு கடலே காஞ்சிடுச்சின்னு சொல்ற ஆளு. தூங்கிகினே இருந்துட்டு கண்ண மூடி யோசன பண்ணேன்னு சொல்ற ஆளு. ஆனா அந்த மலையாண்ட பொய் சொல்ல மாட்டாரு. மாதா மொகத்தப் பாத்து எங்க புள்ளயக் கேட்டுகினு கீறாரு. மல தெரிலன்னா அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு துன்ன மாட்டாரு. இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறன்னு கேட்டா, இன்னிக்கு மாதா மொகங் காட்லன்னுவாரு. அந்த மனுசன் தெரியிற மலையத் தெரிலன்னு எழுதுவாரா?"

எத்தனையோ விசாரணைகளில் பிற்பாடு உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட வலுவான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. ஆனால் இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அதிகாரி வந்தது கரி பஸ்ஸில். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் ஓர் உலை கட்டி, கரியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புறப்படும் முன் கண்டக்டர் துருத்தியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார். அப்படி வந்த பஸ்ஸிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு குடை, ஒரு தோல் பை ஆகியவற்றோடு இறங்கினார் அதிகாரி. தெற்கத்திக்காரர், ஒல்லியான மனிதர், நெற்றியெல்லாம் கரித்தூள். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "கட்டில் எங்கே இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். காட்டினோம். உட்கார்ந்து பார்த்தார். கயிறு தளர்ந்திருக்கிறது என்றார். அதைத் தவிர அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் அன்று வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டேன். முந்தின இரவு பெய்த கோடை மழையில் புழுதியெல்லாம் அடங்கி, வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. மேற்குக் காற்று சுள்ளென்று அடித்தது. வழக்கமாக மதியம் தாண்டியதும் மேற்குக் காற்று ஓய்ந்து கடல்காற்று உள்ளே வரும். அது வந்த பிறகுதான் மலை மறைகிறது என்று நண்பர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நாங்கள் காத்திருந்தோம். நண்பர் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு வந்திருந்தது. மாங்காய்த் துண்டு, தொட்டுக்கொள்ள இலை ஓரத்தில் மிளகாய்த்தூளும் உப்பும். அதிகாரி ரசித்துச் சாப்பிட்டார். நண்பர் மட்டும் சாப்பிடவில்லை. நான் அவரைத் தெரிந்துகொண்ட காலத்தில் அவர் சாப்பிடாமல் இருந்ததும், பட்டப்பகலில் முழுதாக விழித்திருந்ததும் அன்று ஒரு நாள்தான்.

கம்பத்து அம்பு மேற்கைவிட்டு அசையவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பது போல நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வரவில்லை, முகூர்த்தம் வந்துவிட்டது. மூன்று மணி.

மூவரும் மேட்டில் ஏறினோம். புகைபோக்கி தெரிந்தது. கோபுரம் தெரிந்தது. பரங்கிமலை, யாரோ கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல, உச்சிக் கோயிலின் வெள்ளைப் புள்ளியோடு தெரிந்தது. நண்பர் தொப்பியைக் கழற்றினார். சிலுவைக் குறி போட்டார். அந்த மலை தெரிவதால் தன் வேலை போகிறது என்பதை மறந்து, முகம் மலர்ந்து சொன்னார்:

"சோக்கா தெரியிது சார்!"

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாம். நான் வந்த அன்றைக்கு நன்றாகவே தெரிகிறது" என்றார். குரலில் ஏளனம் இல்லை, அலுப்புதான் இருந்தது. கீழே இறங்கி, தோல் பையைப் பூட்ட ஆரம்பித்தார். பெங்களூர் ரோட்டில் பஸ் வரும் நேரம்.

அந்த நொடியில்தான் என் படிப்புக்கு ஒரு பயன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. குறுக்கே போய் நின்றேன். "சார், கையேட்டின்படி ஆய்வுக்கு வருகிற அதிகாரி மழைமானியின் அளவுக் குவளையைச் சரிபார்க்க வேண்டும்." சரிபார்த்தார். ஈரப்பதம் அளக்க வெப்பமானியின் குமிழில் சுற்றியிருக்கும் பழைய துணியை மாற்றி, புதுத் துணி ஊறும்வரை இருந்து பார்க்க வேண்டும் என்றேன். இருந்து பார்த்தார். பாரமானி செங்குத்தாகத் தொங்குகிறதா என்று தூக்குநூல் விட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தார். கம்பத்து அம்புக்கு எண்ணெய் விடுவதை நேரில் பார்வையிட வேண்டும். நண்பர் அந்த உடம்போடு கம்பத்தில் ஏணி வைத்து ஏறினார். ஏணி முனகியது. மேலேயிருந்து, "தோ ஆச்சி சார், தோ ஆச்சி" என்று சொல்லிக்கொண்டே, ஆகவே ஆகாத மாதிரி எண்ணெய் விட்டார். பிறகு தீயணைப்பு வாளிகள். மணலில் ஈரம் இருக்கக் கூடாது என்று விதி. ஒவ்வொரு வாளியாகக் கொட்டிக் காட்டினேன். இவை எல்லாமே கையேட்டில் உள்ளவை, நான் ஒன்றையும் கூட்டவில்லை.

வாளிகள் தீர்ந்தன, விதிகளும் தீர்ந்தன. காற்று அப்படியே மேற்கு. தூரத்தில் கரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதிகாரி குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நண்பர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்ததைச் சொல்ல மாட்டேன். குமணன்சாவடி வாசற்படியில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்தவரின் முகம் எனக்கு முன்னால் வந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"சார், இன்னும் ஒன்று. ஆய்வு அதிகாரி நிலையத்தைவிட்டுப் புறப்படும் முன், பதிவாளருடன் மேட்டில் ஏறி, அடையாளங்கள் அனைத்தையும் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்."

அப்படி ஒரு விதி கிடையாது.

"அப்படியா? எந்த அத்தியாயம்?" என்றார் அதிகாரி.

"ஏழாவது சார்" என்றேன். கையேட்டில் ஏழாவது அத்தியாயம் மேகங்களைப் பற்றியது.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினார்.

மேலே போனால், புகைபோக்கி தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, மலையும் தெரிந்தது. ரோட்டில் பஸ் வந்து நின்றது. இங்கேயிருந்தே கண்டக்டர் கை ஆட்டுவது தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அதிகாரி விரலை எச்சிலில் நனைத்து உயரத் தூக்கினார். அப்போதுதான் கவனித்தேன், மேற்குக் காற்று நின்றிருந்தது. புங்கமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. புழுக்கம் சட்டென்று உடம்பில் ஒட்டியது.

"பஸ் போனால் போகட்டும்" என்றார் அதிகாரி. கண்டக்டரைப் பார்த்துக் குடையை ஆட்டி, போகச் சொன்னார்.

நின்றபடியே அவர் பேசினார். பேச்சு எங்களோடா, கடலோடா என்று தெரியவில்லை. இளவயதில் ரங்கூனுக்குக் கப்பலில் போயிருக்கிறாராம். மேல்தளத்தில் உட்கார்ந்து வேறு வேலையில்லாமல் அடிவானத்தையே பார்த்திருக்கிறார். காற்று ஓங்கி அடித்து அலையெல்லாம் வெள்ளை நுரை கட்டினால், நுரைக் குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் மேலே தெறிக்கும். காற்று உலர்ந்திருந்தால் அவை காய்ந்து துகளாகி, இருக்கிற இடம் தெரியாமல் மிதக்கும், அடிவானமும் துலக்கமாக இருக்கும். சாயங்காலம் ஈரம் ஏறினால் அந்தத் துகள் ஒவ்வொன்றும் தண்ணீரை இழுத்து ஊதிப் பெருத்துவிடும். அப்போது மேகமும் மழையும் இல்லாமலே அடிவானம் கப்பலுக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். "கடலில் பார்த்ததுதான். கரை தாண்டி இவ்வளவு உள்ளே வருமா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால்தான் உங்கள் நண்பரை நம்பவில்லை" என்றார்.

அவர் முடிக்கும் முன் கம்பத்து அம்பு நடுங்கியது. இப்படி ஆடியது, அப்படி ஆடியது, பிறகு ஒரே திருப்பில் கிழக்கே பார்த்து நின்றது. ஏரித் தண்ணீரில் எதிர்ப்பக்கத்திலிருந்து சுருக்கம் ஓடி வந்தது. முகத்தில் ஈரக் காற்று. நண்பர் வாயைத் திறந்தபடி தென்கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் உச்சிக் கோயிலின் வெள்ளைப் புள்ளி போயிற்று. அதன் பிறகு மலையின் ஓரம் மழுங்கியது. பாலில் விழுந்த ஒரு சொட்டு மை கரைவது போல. நாங்கள் நின்று பார்க்கப் பார்க்க, அங்கே ஒரு மலை இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லாமல் போயிற்று. திருவேற்காட்டுக் கோபுரம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. தலைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் வானம் நீலமாகவே இருந்தது. விமானத்திலிருந்து நேர் கீழே பார்த்தவருக்கு மாடும் மனுஷனும் ஏன் தெரிந்தன என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூட்டம் மெல்லிய படலம். மேலிருந்து குத்திப் பார்த்தால் ஒன்றும் இல்லை, படுக்கைவாட்டில் ஊடுருவிப் பார்த்தால்தான் அது சுவர்.

நண்பர் கழற்றின தொப்பியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. "போய்ட்டாங்க சார்" என்றார், மாதாவைப் பற்றி. குரல் உடைந்திருந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு அந்த ஒல்லியான மனிதர் ஓடியதைப் பார்க்க வேண்டுமே! கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தோல் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை நுண்ணோக்கியை எடுத்தார். மற்றவர்கள் பொடி டப்பி வைத்திருப்பது போல அவர் அதைப் போகிற இடமெல்லாம் வைத்திருந்தாராம். ஒரு கண்ணாடிச் சில்லில் வாசலினைத் தடவி, மேட்டில் நின்று கடல்காற்றுக்கு எதிரே வெகுநேரம் நீட்டிப் பிடித்திருந்தார். பிறகு அறைக்குள் வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர், "பாருங்கள், பாருங்கள்" என்று எங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். பார்த்தேன். குட்டிக் குட்டித் துளிகள், வட்டமாக. சில்லை விளக்குச் சூட்டில் காட்டிவிட்டு மறுபடி வைத்தார். வட்டங்கள் சுருங்கிப் பல இடங்களில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஆகியிருந்தன, கல் உப்பின் அதே வடிவம். "இப்போது மூச்சு விடுங்கள்" என்றார். ஊதினேன். என் கண்ணெதிரே சதுரத்தின் மூலைகள் கரைந்து மறுபடி வட்டமாயின.

நண்பர் தன் முறை வந்ததும் நெடுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சொன்னார்: "இத்தினியூண்டு உப்பா சார் என் வேலையத் துன்னப் பாத்துது?"

அதிகாரி சிரித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் வாய்விட்டுச் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். மதிய இலை இன்னும் மூலையில் கிடந்தது. அதன் ஓரத்தில் மிச்சமிருந்த உப்பு கசிந்து ஈரமாகியிருந்தது. அதையும் தொட்டுப் பார்த்து, நாக்கில் வைத்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

பஸ்ஸை விட்டுவிட்டதால் ஜட்கா வண்டி பிடித்து மூவரும் குமணன்சாவடி போனோம். வாசலில் காத்திருந்தவருக்கு நண்பர் சொல்லும் முன்பே அதிகாரி சொன்னார்: "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் பதிவில் ஒரு தவறும் இல்லை." நண்பரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்து, "அப்போ இனிமே தூங்குறத மட்டும் வுட்டுடு" என்றார். "அது வேற கேஸு" என்றார் நண்பர். அதிகாரிக்குத் தோசை வந்தது. மூட்டம் எப்படி வருகிறது என்று அவர் விளக்கினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு தோச வெக்கட்டா சார், ஆறிடப் போவுது" என்றார்.

வண்டி ஏறும்போது அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏழாவது அத்தியாயம் மேகங்கள்" என்றார். "அந்தக் கையேட்டைத் தொகுத்த மூன்று பேரில் நானும் ஒருவன். நீர் சொன்ன விதி அதில் எங்கேயும் இல்லை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் வண்டிக்காரனைப் போகச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. பரங்கிமலைக்கு எல்லோருமாகப் போனோம். நான் மாதா கோயிலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. மேலேயிருந்து எங்கள் ஏரிக்கரை தெரிகிறதா என்று நண்பர் தேடினார். கடல்காற்று வந்துவிட்டிருந்தது, தெரியவில்லை. "பரவால்ல, நாம தெரிலன்னாலும் அவங்களுக்கு நம்மளத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார்.

யுத்தம் முடிந்து எங்கள் கொட்டகையைப் பிரித்தார்கள். நான் வேறு இலாகாவுக்கு மாறினேன். வெள்ளைக்காரர்கள் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்பு, வானிலை வேலையிலேயே தங்கிவிட்ட நண்பர் ஒரு நாள் அம்பத்தூருக்குச் சைக்கிளில் வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் புதிதாக அச்சான கையேடு. "அண்ணாத்தே, இத்தப் படி" என்று ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஆய்வு அதிகாரிகளுக்கான விதிகளின் கடைசியில், புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. நிலையத்தைவிட்டுப் புறப்படும் முன், பதிவாளருடன் மேட்டில் ஏறி, அடையாளங்கள் அனைத்தையும் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய குற்றச்சாட்டுகள் என் மேஜைக்கு வந்தன. எத்தனையோ பேருக்கு எதிராகக் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வந்தது. எல்லா விதியையும் விடாமல் பார்த்துவிட்டு, பேனாவை மூடி எழுந்து, ஜன்னலோரம் கொஞ்சம் நின்று, காற்று திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அந்த ஒரு விதியை மட்டும் நான் யாருக்கும் அத்தியாயம் காட்டியதில்லை.